வண்டிக்கு ஒரு மூச்சுக்குழாய்



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு நானும் என் மகனும் சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். அந்த நெரிசலில் சாலையோரமாக ஒரு பெரிய நான்கு சக்கர இயக்க வண்டி நின்றது. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதன் முன்பக்க மட்கார்டிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்று கிளம்பி, கண்ணாடியின் ஓரமாகக் கூரை வரை ஏறி, உச்சியில் யானைத் துதிக்கையின் நுனியைப் போல முன்னோக்கி வளைந்து நின்றது.

"அப்பா, இந்தக் காடிக்கு ஏன் புகைபோக்கி முன்னால் இருக்கிறது?" என்று கேட்டான் பையன்.

அது புகைபோக்கி இல்லை. புகை வெளியே போகும் வழி அன்று. காற்று உள்ளே வரும் வழி. ஸ்நோர்கல் என்று அதற்குப் பெயர். மூச்சுக்குழாய் என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். இதை வண்டிக்குப் பொருத்துவது எப்படி, பொருத்தினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். நான் மெக்கானிக் அல்லன். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியன். ஆனால் இந்தக் குழாயைப் பற்றிக் கற்றுக்கொள்ள எங்கள் குடும்பம் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

2006 டிசம்பரில் ஜொகூர் மாநிலத்தில் பெருவெள்ளம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு மாதம்கூட ஆகாமல் 2007 ஜனவரியில் மறுபடியும் வந்தது. கோத்தா திங்கி நகரம் இரண்டு முறையும் மூழ்கியது. அப்போது நான் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. முதல் வெள்ளத்தின்போது எங்கள் லயத்தில் ஒரு குழந்தைக்கு விடாத காய்ச்சல். என் அண்ணனிடம் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. "உயரமான காடிதானே, போய்விடலாம்" என்று அண்ணன் கிளம்பினார். குழந்தையும் அதன் தாயும் முன்னிருக்கையில். நான் பின்னால் நின்றுகொண்டேன். பாலத்துக்கு முன்னால் சாலை தாழ்ந்திருக்கும் இடத்தில் தண்ணீர் நின்றது. முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கலாம். வேகமாகப் போனால் கடந்துவிடலாம் என்று அண்ணன் நினைத்தார். வேகமாகப் போனார். தண்ணீர் அலையாக எழும்பி பானட்டின் மேல் விழுந்தது. இன்ஜினில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சாவியைப் போட்டுப் பார்த்தோம்; அசையவில்லை. கடைசியில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தே கடந்தோம். குழந்தை பிழைத்தது. இன்ஜின் பிழைக்கவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று? இதைப் புரிந்துகொள்ள, இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நாம் வண்டிக்கு டீசல் போடுகிறோம், பெட்ரோல் போடுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் இன்ஜின் விழுங்குவதில் மிகப் பெரும் பகுதி காற்றுதான். 2,500 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஓர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 1,500 முறை. 1,500-ஐ இரண்டரை லிட்டரால் பெருக்கினால் 3,750 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை மூச்சாக இழுக்கிறார். ஆக, ஒரு சாதாரண இன்ஜின் 500 பேர் சேர்ந்து மூச்சு விடுவதைத் தனியாகச் செய்கிறது. டர்போ உள்ள இன்ஜினுக்கு இன்னும் அதிகம் வேண்டும். இவ்வளவு வலுவாக இழுக்கும் வாயின் முன்னால் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த வாய் எங்கே இருக்கிறது? பெரும்பாலான வண்டிகளில் பானட்டுக்கு அடியில், முன்விளக்குக்குப் பின்னால் அல்லது மட்கார்டின் உட்புறத்தில். அங்கிருந்து காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் போகிறது. வடிகட்டியைக் கடந்து சிலிண்டருக்குள் போகிறது. வடிகட்டி தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது.

காற்றை அமுக்கலாம். அமுக்குவதற்குத்தான் பிஸ்டன் இருக்கிறது. தண்ணீரை அமுக்க முடியாது. நாம் எடுத்துக்கொண்ட இன்ஜினில் நான்கு சிலிண்டர் என்றால் ஒவ்வொன்றும் 625 மில்லிலிட்டர். டீசல் இன்ஜின் காற்றை ஏறக்குறைய 18-இல் ஒரு பங்காக அமுக்குகிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் அதற்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 37 மில்லிலிட்டர். அதாவது ஏழரைத் தேக்கரண்டி! அதற்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. ஆனால் 3,000 சுற்றில் ஓடும் பிஸ்டன் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கீழிருந்து மேலே வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் அது தண்ணீரை மோதுவது கல்லை மோதுவதற்குச் சமம். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. சில வேளைகளில் முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. எங்கள் வண்டியில் இரண்டு ராடுகள் வளைந்திருந்தன. போதாததற்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சாவியைப் போட்டது வேறு. தண்ணீரில் நின்றுபோன இன்ஜினை மறுபடி கிளப்பவே கூடாது. இழுத்துக் கரையேற்றி, டீசல் வண்டியானால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ, பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக்கையோ கழற்றிவிட்டு, அதன் பிறகே இன்ஜினைச் சுற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இது அப்போது எங்களுக்குத் தெரியாது.

சரி, மூச்சுக்குழாய்க்கு வருவோம். வாய் தாழ்வாக இருப்பதுதான் குறை என்றால், அதைக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிட்டால் போயிற்று. யோசனை புதியதல்ல. இயற்கை இதை எப்போதோ செய்துவிட்டது. 1990-ஆம் ஆண்டு மூன்று யானைகள் ஜொகூரிலிருந்து நீரிணையை நீந்திக் கடந்து சிங்கப்பூரின் தேக்கோங் தீவுக்கு வந்து சேர்ந்தன. பிறகு அவற்றைப் பிடித்து ஜொகூருக்கே திருப்பி அனுப்பினார்கள். உடம்பு முழுவதும் நீருக்குள். துதிக்கை மட்டும் மேலே. நாமும் மூங்கில் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆற்றின் அடியில் ஒளிந்திருக்கலாமே என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீரின் அழுத்தம் மார்பை விரியவிடாது. யானைக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையில் மெல்லிய இடைவெளிக்குப் பதிலாக உறுதியான இணைப்புத் திசு இருப்பதால் தாங்குகிறது. இன்ஜினுக்கோ இரும்பே மார்பு. அதனால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு வகையிலும் இந்தக் குழாய்க்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. நீருக்குள் இருந்தபடியே டீசல் இன்ஜினை ஓட்டுவதற்கு மேலே குழாய் நீட்டும் முறையை நீர்மூழ்கிக் கப்பல்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் டச்சுக் கடற்படையினர். அந்தச் சாதனத்தோடு கட்டப்பட்ட ஓ-19, ஓ-20 என்ற இரண்டு கப்பல்களும் 1941 டிசம்பரில், ஜப்பானியர் மலாயாவில் இறங்கிய சமயத்தில், சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷாரின் ஆணைப்படி இயங்கின. ஓ-20 அந்த மாதமே கோத்தா பாரு கடற்பரப்பில் அழிந்தது. ஜெர்மானியர் 1940-இல் ஹாலந்தைப் பிடித்தபோது இந்தச் சாதனத்தையும் கைப்பற்றிக்கொண்டார்கள். பின்னர் தங்கள் நீர்மூழ்கிகளில் பொருத்தினார்கள். ஸ்நோர்கல் என்ற பெயர் உலகமெங்கும் பரவியது அவர்களுடைய மொழியிலிருந்துதான். வண்டிகளில் இது பரவலாகத் தெரியவந்தது, 1980 முதல் 2000 வரை நடந்த கேமல் டிராஃபி என்ற காட்டுப் பயணப் போட்டியால் என்று சொல்லலாம். 1993-இல் அது சபாவில் நடந்தது. 1997-இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி மழைக்காலத்தில் காட்டுக்குள் நடப்பது. 2014-இல் அதன் இந்தியப் பிரிவு கோவாவில் தொடங்கியது. அங்கெல்லாம் மூச்சுக்குழாய் இல்லாத வண்டியைப் பார்ப்பது அரிது.

இனிப் பொருத்தும் வேலை. இந்தக் குழாய் வண்டியின் மாதிரிக்கு ஏற்ப வார்க்கப்பட்டு வருகிறது. நல்லவை வெயிலைத் தாங்கும் கெட்டியான பாலிதீனால் ஆனவை. ஒரு பெட்டியில் குழாயின் உடற்பகுதி, உச்சியில் மாட்டும் தலை, கண்ணாடி ஓரத்துத் தூணில் பிடிக்கும் இரும்புப் பட்டை, உள்ளே வடிகட்டிப் பெட்டியோடு இணைக்கும் ரப்பர் ஹோஸ், கிளிப்புகள், அச்சடித்த காகித அளவுப்படம் ஒன்று, இவ்வளவும் இருக்கும். இவற்றுள் முக்கியமானது எது என்று கேட்டால், நான் அந்தக் காகிதத்தைத்தான் சொல்வேன். புது வண்டியின் மட்கார்டில் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போடப் போகிறோம். போட்டபின் அழிப்பதற்கு ரப்பர் கிடையாது.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பிறகு முன்சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறை, வடிகட்டிப் பெட்டி, சில வண்டிகளில் முன்விளக்கு, இவற்றைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஓட்டை விழும் இடத்துக்குப் பின்னால் மின்கம்பியோ குழாயோ ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, காகிதத்தை டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியதும் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள்! குழாயையே தூக்கி மேலே வைத்துப் பாருங்கள். தூணோடு ஒட்டி நிற்கிறதா, கதவைத் திறந்தால் இடிக்கிறதா, பானட் தடையின்றித் திறக்கிறதா என்று பாருங்கள். நேர்த்தியான பட்டறைக்காரர்கள் இதிலேயே அரை மணி நேரம் செலவிடுவார்கள்.

ஓட்டையின் நடுப்புள்ளியில் முதலில் சிறிய துளை. பிறகு ஹோல் சா என்று பட்டறைகளில் சொல்லும் வட்ட ரம்பம். வெட்டியதும் விளிம்பை அரத்தால் ராவி, இரும்புத்தூளை ஒன்றுவிடாமல் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு தூள் தங்கினாலும் நம்முடைய ஈரக்காற்றில் மறுநாளே துருப்புள்ளி வைத்துவிடும். வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்புப் பூச்சும் அதன்மேல் வர்ணமும் பூசிக் காயவிட்ட பிறகுதான் குழாயை மாட்டலாம். இதை விட்டுவிட்டு அவசரமாக மாட்டிய வண்டிகளை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், குழாயைச் சுற்றிச் செம்மண் பூசியது போல் இருக்கும்.

தூணில் துளை போடும்போது கூடுதல் கவனம் வேண்டும். இப்போது வரும் பல வண்டிகளில் அந்தத் தூணுக்குள் பக்கவாட்டுக் காற்றுப்பையும் அதன் கம்பிகளும் இருக்கின்றன. வண்டிக்கான கையேட்டைப் பார்க்காமல் அங்கே டிரில்லை வைப்பது ஆபத்து. திருகாணிகளை வெறி கொண்டு முறுக்குவதும் கூடாது. பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரை சுழன்றுவிட்டால் குழாய் முழுவதும் வீண்.

இதெல்லாம் வெளியே தெரியும் வேலை. தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. அதில்தான் நாங்கள் தவறினோம்.

இன்ஜினைச் செப்பனிட்ட பிறகு, 2007-இல், அண்ணன் ஒரு மூச்சுக்குழாய் வாங்கித் தாமே மாட்டினார். பார்ப்பதற்கு அம்சமாக இருந்தது. தோட்டத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருநாள் அந்த வண்டியிலேயே சிங்கப்பூருக்கு வந்தோம். எங்கள் சித்தப்பா தேக்காச் சந்தைக்கு அருகிலுள்ள அடுக்குமாடி வீட்டில் இருந்தார். வாழ்நாள் முழுவதும் வண்டி வேலை செய்து ஓய்வு பெற்றவர். கீழே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து காய் நறுக்கும் பலகையை எடுத்து வரச் சொன்னார்.

"காடியைக் கிளப்பு தம்பி. வேகம் கொடுக்காதே, சும்மா ஓடட்டும்" என்றார். பிறகு ஏணியில் ஏறி, குழாயின் தலையைக் கழற்றிவிட்டு, பலகையைக் குழாயின் வாய்மேல் வைத்து அழுத்தினார்.

இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"உன் காடி மூக்கை மூடினால் வாயால் மூச்சு விடுகிறது" என்றார் சித்தப்பா. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

விஷயம் இதுதான். மேலே குழாய் வைத்தால் மட்டும் போதாது. அந்தக் குழாயிலிருந்து இன்ஜின் வரை உள்ள பாதை முழுவதும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். காற்றுப் புகும் இடத்தில் தண்ணீரும் புகும். வடிகட்டிப் பெட்டியின் அடியில் தொழிற்சாலையிலேயே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள், மழைத்தண்ணீர் வடிவதற்காக. எங்கள் வண்டியில் அதன் ரப்பர் வால்வு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. ஹோஸ் பெட்டியோடு சேரும் இடத்தில் அண்ணன் கிளிப் போடாமல் செருகி மட்டும் வைத்திருந்தார். பெட்டி மூடியின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தது. மூன்று ஓட்டைகள். வெள்ளத்தில் இறங்கியிருந்தால், உச்சியில் அழகாக நிற்கும் குழாயைப் பார்த்துத் தைரியமாக இன்னும் ஆழத்துக்கல்லவா போயிருப்போம்!

ஜாலான் புசார் பக்கம் போய் ரப்பரும் கிளிப்பும் வாங்கி வந்தோம். அந்த வட்டாரம் இரும்புச் சாமான்களுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் பேர்போனது. சித்தப்பா ஒவ்வோர் இணைப்பையும் பிரித்து, துடைத்து, கிளிப் போட்டு இறுக்கினார். வடிதுளையை அடியோடு அடைக்கவில்லை. ஒருபக்கம் மட்டும் திறக்கும் ரப்பர் வால்வு ஒன்றைப் போட்டார். உள்ளே சேரும் மழைத்தண்ணீர் வெளியேறும். வெளித்தண்ணீர் உள்ளே வராது. முழுவதும் அடைத்துவிட்டால் உள்ளேயே தேங்கி வடிகட்டியை ஊறவைத்துவிடும் என்று விளக்கினார். மறுபடியும் பலகையை வைத்து அழுத்தியதும், மூன்று வினாடியில் இன்ஜின் திணறி நின்றது. அப்போதுதான் சித்தப்பா சிரித்தார்.

நேயர்களே, இந்தச் சோதனையைச் செய்யாத மூச்சுக்குழாய் வெறும் அலங்காரம். காசு கொடுத்துப் பட்டறையில் மாட்டினாலும், நீங்கள் அங்கேயே நின்று இதைச் செய்யச் சொல்லுங்கள். உள்ளங்கையை வைத்து மூட வேண்டாம், இன்ஜின் கையைப் பிடித்து இழுக்கும். தட்டையான பலகைதான் நல்லது. இன்ஜின் சும்மா ஓடும் வேகத்தில் மட்டும் செய்ய வேண்டும்.

பலகைச் சோதனையில் தேறினாலும் வண்டி கப்பலாகிவிடாது. சக்கர அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், இவற்றுக்கும் மூச்சுத்துளைகள் உண்டு. ஓடி ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் அதனுள் இருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்ச வேண்டும், உறிஞ்சுவது தண்ணீரை. சில நாள் கழித்து எண்ணெயை வடித்துப் பார்த்தால் தே தாரிக் நிறத்தில் இருக்கும். அந்த எண்ணெயில் பல்சக்கரங்கள் நெடுநாள் வாழா. மெல்லிய ஹோஸ் கொண்டு அந்தத் துளைகளை பானட் உயரத்துக்குத் தூக்கி விடுவது மூச்சுக்குழாயைவிட மலிவான வேலை. பலரும் மறந்துவிடும் வேலையும் அதுதான். ஆல்டர்னேட்டர், கணினிப் பெட்டி, கதவின் ரப்பர் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஃபோர்டு ரேஞ்சர் 800 மில்லிமீட்டர் வரையிலும், காற்றுத் தாங்கி கொண்ட புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் வரையிலும் தண்ணீரில் போகலாம் என்று அவற்றைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். மூச்சுக்குழாய் மாட்டினால் அந்த எண் ஏறிவிடாது.

ஏறாததற்கு இன்னொரு காரணம், மிதப்பு. நான்கு மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உள்ள, கதவு ஜன்னல் நன்றாக மூடிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சுமார் 680 கிலோ எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. 30 சென்டிமீட்டர் ஏறினால் 2,000 கிலோவுக்கு மேல். இரண்டு டன் வண்டி அப்போது தரையை அழுத்துவதே இல்லை. உள்ளே தண்ணீர் கசியும்வரை அது ஒரு பெட்டி, அவ்வளவே. ஓடும் தண்ணீராக இருந்தால் நான்கு சக்கர இயக்கம் இருந்தும் பயனில்லை. தரையைத் தொடாத சக்கரம் எதைப் பற்றும்? வெள்ளத்தில் வண்டியோடு போய் இறந்தவர்களில் பலர் இன்ஜின் நின்றதால் இறக்கவில்லை. வண்டி மிதந்து இழுபட்டதால் இறந்தார்கள். சித்தப்பா இதைத்தான் அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "நடந்து போய்ப் பார்க்க முடியாத தண்ணீரில் காடியை இறக்காதே" என்றார். நிற்கும் தண்ணீரில் இறங்கினாலும் நடக்கும் வேகத்தில், ஒரே சீராக, இடையில் கியர் மாற்றாமல் போனால் முன்னால் சிறிய அலை உருவாகி, அதன் பின்னால் இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் தாழ்ந்திருக்கும். எங்கள் அண்ணன் அன்று மெதுவாகப் போயிருந்தால், மூச்சுக்குழாய் இல்லாமலேயே கடந்திருக்கக்கூடும். இதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். இந்த நகரமும் வெள்ளம் அறியாததல்ல. தேக்கா வட்டாரமே ஒரு காலத்தில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலம். தண்ணீரும் புல்லும் இருந்ததால்தான் பெலிலியோஸ் போன்ற கால்நடை வியாபாரிகள் அங்கே தொழில் நடத்தினார்கள். கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம், என்று பெயர் வந்ததும் அதனால்தான். மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு எருமைகள் சேற்றில் கிடந்த இடத்தில்தான் இன்று மூச்சுக்குழாய் வைத்த வண்டி நிற்கிறது! 1978 டிசம்பர் 2-ஆம் தேதி ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2010 ஜூன் 16-ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலையே நீரில் நின்றது. 2021 ஆகஸ்டில் பாசிர் ரிஸ், தெம்பனீஸ் சாலைச் சந்திப்பில் கார்கள் மூழ்கின. ஆனால் இங்கே திடீர் வெள்ளம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடுகிறது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க்காகக் கட்டிய நிலத்தடித் தொட்டியும் திசைதிருப்புக் கால்வாயும் 2018 முதல் இருக்கின்றன. நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு மூச்சுக்குழாய் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஒரு மணி நேரம் காத்திருந்து ஒரு தேநீர் குடிப்பது மலிவு. வாங்குவதென்று முடிவு செய்தால், ஓட்டை போடும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். வண்டியில் செய்யும் மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, அனுமதி வேண்டியவை, அறவே கூடாதவை என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

விற்பவர்கள் சொல்லும் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். முன்னோக்கிய தலை வழியாகக் காற்று வேகமாகப் புகுந்து இன்ஜினின் சக்தி கூடும் என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அப்படிக் கிடைக்கும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. காலில் உணர முடியாது. உண்மையான பயன் வேறொன்று உண்டு, அது தூசி. தோட்டத்துச் செம்மண் சாலையில் முன்னால் ஒரு லோரி போனால், தரையோரத்தில் பறக்கும் தூசி கூரை உயரத்தில் பாதிகூட இருப்பதில்லை. வடிகட்டி நெடுநாள் உழைக்கிறது. எங்கள் வண்டியின் குழாய் வெள்ளத்தைப் பார்த்த நாட்களைவிடத் தூசியைப் பார்த்த நாட்களே மிகுதி. தலையின் பின்புறத்தில் உள்ள சிறு பிளவுகள் வழியாக மழைநீர் வெளியேறும். அவற்றில் இலை, குளவிக்கூடு அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரப்பர் இறுகும், கிளிப் தளரும். ஆகவே ஆண்டுக்கொரு முறை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். அண்ணன் இன்றும் நவம்பர் பிறந்ததும் சமையலறைக்குப் போய்ப் பலகையைக் கேட்கிறார். அண்ணி திட்டிக்கொண்டே கொடுக்கிறார். இன்ஜின் திணறி நின்ற பிறகு, பலகையைக் கழுவித்தான் திருப்பித் தர வேண்டும் என்பது அண்ணியின் நிபந்தனை.